சூளையில் கர்ப்பம், பதிவு எங்கே?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். 14,000 பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வருகிறது. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் பெற வேண்டும். வீட்டோடு இருப்பவருக்கு இது சிரமமில்லை. பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகும் தலித் பெண்ணுக்கு? நாள் தள்ளிப்போனது தெரியும்போது அவர் வேறு மாவட்டத்தில் கல் அறுத்துக்கொண்டிருப்பார். கல் கணக்குக் கூலி. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் முன்பணக் கடன் அப்படியே நிற்கும். வீடு திரும்ப ஆனி, ஆடி ஆகிவிடும்.

பணம் போவதுகூடப் பரவாயில்லை. முதல் மாதங்களின் ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தே போகின்றன. ரத்தசோகையோடு இருப்பவருக்குப் பிரசவ ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்து. சூளை இருக்கும் பகுதியின் செவிலியர் அங்கேயே போய்ப் பதிவு செய்தால் என்ன? எந்தச் சூளை எங்கே இருக்கிறது என்பது மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியாததா?