மாமாவின் லோரிக்கு ஒரு பிரேக்

வானொலியில் சாலை நிலவரம் சொல்லும்போது கெந்திங் மலைச் சாலை வந்தால் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். மாமா அங்கேதான் இழுவை லோரி ஓட்டுகிறார். மலையில் பழுதாகும் கார்களைத் தூக்கிக்கொண்டு இறங்குவதுதான் அவர் பிழைப்பு.

போன மாதம் பாதி வழியில் பிரேக்கிலிருந்து புகை. ஓரங்கட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் இறங்கினாராம். அத்தைக்கு இன்னும் தெரியாது. (இந்தப் பக்கத்தை அத்தை படிப்பார். மன்னித்துவிடுங்கள் மாமா.) 2013 ஆகஸ்ட் 21-இல் இதே சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தது யாருக்கு மறக்கும்?

மறுநாளே எக்ஸாஸ்ட் பிரேக் தேடக் கிளம்பினோம். டீசல் வண்டியில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தாலும் பெட்ரோல் கார் அளவுக்கு இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக் புகைக்குழாயை ஒரு தகட்டால் மூடுகிறது. வெளியேற வழியில்லாத காற்று பிஸ்டனை எதிர்த்து நிற்க, வண்டி அடங்குகிறது. சக்கரத்து பிரேக்குக்கு வேலை குறையும், சூடும் குறையும்.

"இருக்கிறதிலேயே பலமானதைப் போடு" என்றார் மாமா. பட்டறைக்காரர் தலையாட்டவில்லை. "அண்ணே, உங்க இன்ஜின் எவ்வளவு எதிர் அழுத்தம் தாங்கும்னு தயாரிப்பாளர் ஒரு அளவு கொடுத்திருப்பாங்க. அதைத் தாண்டினா வால்வு ஸ்பிரிங் தோத்துடும். மூடியிருக்க வேண்டிய வால்வு தானாத் திறந்துக்கும்."

மலிவான வகையில் தகட்டில் ஒரே அளவு துளை. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது நன்றாகப் பிடிக்கும், மெதுவானால் பிடி தளரும். இன்னொன்று அழுத்தத்தைத் தானே சீர்செய்துகொள்ளும். குறைந்த சுற்றிலும் பிடிக்கும். காரைத் தொங்கவிட்டபடி ஊர்ந்து இறங்குகிறவருக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி. விலையைக் கேட்டு மாமா எதிர்க்கட்சி ஆனார்.

ஆட்டோ கியர் லோரி என்றால் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் இன்ஜினின் பிடி சக்கரத்துக்கு முழுதாகப் போய்ச் சேராது. மாமாவுடையது கை கியர், அந்தக் கவலை இல்லை. ஆனால் கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். மழையில் சுமையில்லாமல் வரும்போது சுவிட்சை அணைத்துவிடச் சொன்னார் பட்டறைக்காரர்; இந்தப் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், ஈரத்தில் வழுக்கிவிடும்.

கடைசியில் என் கட்சிதான் வென்றது. எவ்வளவு ஆச்சு என்று போனில் கேட்டேன். அத்தை பக்கத்தில் இருந்தார் போலும், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.