தொழில் பழகுநரும் தொழிலாளரே

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ‘தொழிலாளர்’ யார் என வரையறுத்தபோது, தொழில் பழகுநர் ‘உட்பட’ என்று கூறியது. 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவோர் ‘தவிர’ என்று கூறுகிறது. ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. ஆனால் பயிற்சி என்ற பெயரில் ஆலைகளுக்குள் என்ன நடந்துவருகிறது என்பதை அந்த ஒரு சொல்லே வெளிப்படுத்திவிடுகிறது.

பழகுநர்களைத் தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பிலிருந்து விலக்கிவைப்பது இன்று தொடங்கியதல்ல. பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்று 1961 சட்டத்தின் 18ஆவது பிரிவே கூறியது. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுக்கும் கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. எனினும், அந்தச் சலுகைக்கு ஈடாகச் சில கடமைகளை அச்சட்டம் முதலாளிகள் மீது சுமத்தியிருந்தது. எந்தத் தொழில்களில் பழகுநரைச் சேர்க்கலாம், எத்தனை தொழிலாளர்களுக்கு எத்தனை பழகுநர்கள் என்பதை அரசே தீர்மானித்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனம் அடிப்படைப் பயிற்சிக்கான வசதிகளைத் தானே ஏற்படுத்த வேண்டும். சட்டத்தை மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடமிருந்தது. கற்றுக்கொடுக்கும் கடமை இருந்ததால்தான் விலக்குக்கு ஒரு நியாயம் சொல்ல முடிந்தது.

2014இல் பதவிக்கு வந்த பாஜக அரசு, அதே ஆண்டில் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. சிறைத் தண்டனை நீக்கப்பட்டு அபராதம் மட்டும் எஞ்சியது. அரசு வரையறுத்த தொழில்களோடு, முதலாளியே தீர்மானித்துக்கொள்ளும் ‘விருப்பத் தொழில்’ என்ற புதிய வகை நுழைக்கப்பட்டது. சொந்தப் பயிற்சி வசதி வேண்டும் என்ற கட்டாயம் அகன்றது. தொழில்வாரி விகிதத்துக்குப் பதிலாக, மொத்த ஊழியர் எண்ணிக்கையில் இத்தனை விழுக்காடு என்ற கணக்கு வந்தது. 2019ஆம் ஆண்டின் விதித் திருத்தம் அதன் உச்ச வரம்பை 15 விழுக்காடாக உயர்த்தியது. கடமைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. விலக்கு மட்டும் கரையவில்லை. இப்போது அது சட்டத் தொகுப்புகளின் வரையறைக்குள்ளேயே பதிக்கப்பட்டுள்ளது.

முதலாளிகளுக்கு இதனால் கிடைக்கும் லாபம் எளிய கணக்கு. 2019 விதிகளின்படி பழகுநருக்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகை, கல்வித் தகுதிக்கு ஏற்ப 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை. 2016இல் தொடங்கப்பட்ட தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், அதிலும் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசுப் பணத்திலிருந்து ஈடுசெய்கிறது. வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ, போனஸ், பணிக்கொடை எதுவும் கிடையாது. பல தானியங்கிப் பிரிவுகளில் ஒரு வேலையைச் செய்யக் கற்றுக்கொள்ளச் சில நாட்கள் போதும். எஞ்சிய மாதங்கள் முழுவதும் அந்த இளைஞர் செய்வது உற்பத்தி. ஆண்டு முடிந்ததும் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அதே இடத்தில் அடுத்தவரை நிறுத்தலாம். அந்த இடம் நிரந்தரமானது. அதில் நிற்பவர் மட்டுமே தற்காலிகம்.

2024 ஜூலையில் தாக்கல் செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கை இந்த ஏற்பாட்டை மேலும் ஒரு படி நகர்த்தியது. 500 பெரும் நிறுவனங்களில், ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு ஓராண்டு உள்ளகப் பயிற்சி என்று நிதியமைச்சர் அறிவித்தார். மாத உதவித்தொகை 5,000 ரூபாயில் நிறுவனத்தின் பங்கு பத்தில் ஒன்று, அதாவது 500 ரூபாய். அதையும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தே கொடுக்கலாம். தன் எதிர்காலத் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுப்பது முதலாளியின் செலவு என்ற நிலை மாறி, அது அவர் சமூகத்துக்குச் செய்யும் தருமமாகிவிட்டது. முதல் சுற்றில் 82,000க்கும் மேற்பட்ட வாய்ப்புகள் வழங்கப்பட்டதாகவும், 8,700 பேர் அளவிலேயே சேர்ந்ததாகவும் அரசே தெரிவித்தது. வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த நாட்டில் பெரும்பாலானோர் வராமல் போனார்கள் என்றால், அவர்கள் தேடுவது வாழ்வதற்கான கூலியைத் தரும் வேலை என்பதே பொருள்.

தொழில் துறைக்குத் திறன்மிக்கவர்கள் கிடைப்பதில்லை, ஆகவே நெகிழ்வான விதிகள் தேவை என்று முதலாளிகள் சங்கங்கள் வாதிடுகின்றன. பயிற்சி தேவை என்பதில் தொழிலாளி வர்க்கத்துக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆட்சியாளர்கள் முன்மாதிரியாகக் காட்டும் ஜெர்மனியைப் பார்த்தாலே இந்த வாதம் உடைந்துவிடும். அங்கும் முதலாளித்துவமே ஆள்கிறது. என்றாலும், பயிற்சி பெறுவோரையும் தொழிலாளர்களாகவே அந்நாட்டின் ஆலை நிர்வாகக் குழுச் சட்டம் கணக்கிடுகிறது. அவர்களுக்கென ஆலைக்குள் தனிப் பிரதிநிதித்துவம் உண்டு. பல துறைகளில் அவர்களது ஊதியமும் கூட்டுப் பேரத்தின் மூலம் தீர்மானிக்கப்படுகிறது. இந்திய ஆட்சியாளர்கள் ஜெர்மனியிடமிருந்து பயிற்சிமுறையின் பெயரை எடுத்துக்கொண்டு, உரிமைகளை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

உண்மையான பயிற்சி பெற்றவர்களின் கதியும் மேலானதல்ல. 2018 மார்ச் 20 அன்று, ரயில்வே பணிமனைகளில் பயிற்சி முடித்த பழகுநர்கள் மும்பை மாட்டுங்கா – தாதர் இடையே தண்டவாளத்தில் அமர்ந்து, காலை நேர ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ரயில்வேயில் வேலை என்பதே அவர்களது கோரிக்கை. மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது, பயிற்சி முடித்த பழகுநருக்கு நேரடி நியமனத்தில் முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே கூறியிருந்தது. 2014 திருத்தமோ, பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கொள்கையை வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

பழகுநர் மட்டும் பாதிக்கப்படும் விவகாரமாக இதைக் கருதுவது பெரும் தவறாகும். புதிய தொகுப்பின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள ஆலையில் ஒரு சங்கம் தனிப் பேச்சுவார்த்தைச் சங்கமாக வேண்டுமானால் வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும். அந்தக் கணக்கில் பழகுநர் இல்லை. நாளை நிரந்தரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால், இயந்திரத்தின் முன் நிறுத்தப்படப்போவது அவரே. சங்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைக் கொண்டே சங்கத்தை முறிப்பதுதான் மூலதனத்தின் உத்தி.

இதற்கு எதிரான வழியையும் தொழிலாளர்களே காட்டியிருக்கிறார்கள். 2011 அக்டோபரில் ஹரியானாவின் மானேசரில், மாருதி சுசூகி ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்கள், வெளியேற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களைத் திரும்ப எடுக்கக் கோரி ஆலைக்குள்ளேயே அமர்ந்தார்கள். நிர்வாகம் தீட்டிய பிரிவினைக் கோட்டைத் தாண்டி எழுந்த ஒற்றுமை அது. அதே கோட்டுக்கு அப்பால்தான் பழகுநரும் நிற்கிறார்.

பழகுநர்களைச் சங்கத்தின் அலுவலாகக் கருதாமல், ‘அவர்கள் ஓராண்டில் போய்விடுவார்கள்’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் தொழிற்சங்கங்களில் இன்னும் இருக்கிறது. அது மாற வேண்டும். உற்பத்தியில் ஈடுபடுத்தப்படும் பழகுநருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியும் இஎஸ்ஐ, வருங்கால வைப்பு நிதிப் பாதுகாப்பும், நிரந்தரப் பணியிடங்களில் உறுதியான பங்கும், பயிற்சி உண்மையில் நடக்கிறதா என்று ஆய்வுசெய்யும் உரிமை சங்கத்துக்கும் வேண்டும். ஒவ்வொரு ஆலையின் கோரிக்கைப் பட்டியலிலும் இவை இடம்பெற வேண்டும். ஆலை வாயிலில் பேசும் தோழர்கள் பழகுநரைத் தேடிச் சென்று பேச வேண்டும். சட்டம் ‘தவிர’ என்று எழுதியிருக்கும் இடத்தில் மீண்டும் ‘உட்பட’ என்று எழுதவைக்கும் போராட்டம், சங்கத்தின் கதவை அவர்களுக்குத் திறப்பதில்தான் தொடங்குகிறது.