பதில் வராவிட்டால் மறுபடி



வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பஸ்ஸில் போகும்போது போனில் பேசினால் பாதி வார்த்தை காதில் விழுவதில்லை. அதே போனுக்கு, அதே நேரத்தில் வருகிற வாட்ஸ்அப் செய்தியில் ஓர் எழுத்துகூட விடுபடுவதில்லையே, எப்படி?"

நல்ல கேள்வி. செய்தியும் காற்றில் அடிபட்டுத்தான் வருகிறது. குரலானாலும் எழுத்தானாலும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் பயணம். வழியில் சில சிதையும், சில தொலையும். ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. வாங்கும் கருவி கணக்குப் போட்டுப் பார்த்து, எண் பொருந்தினால் 'கிடைத்தது' என்று பதில் அனுப்பும். குறித்த நேரத்துக்குள் அந்தப் பதில் வராவிட்டால், அனுப்பிய கருவி அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும். எழுத்து அரை விநாடி பிந்தி வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பேச்சை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். பிந்தி வந்த துண்டைச் செருக இடமிருக்காது, பேச்சு அதற்குள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டிருக்கும்.

கம்பியில்லாமல் கணினிகளைப் பேசவைக்க பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும் இந்த முறையைத் துணிந்து நம்பியவர்கள் ஹவாய் பல்கலைக்கழகத்தார். அவர்களுடைய கல்லூரிகள் தீவு தீவாகச் சிதறிக் கிடந்தன. பெரிய கணினியோ ஹொனலூலுவில். நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் 1971-இல் வானொலி அலை வழியாக 'அலோஹாநெட்'டை இயக்கிக் காட்டினார்கள். ஒரு பாக்கெட்டில் 80 எழுத்து; தலைப்பும் சரிபார்ப்பும் சேர்த்து 704 பிட். விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் அதை அனுப்பி முடிக்க 73 மில்லிவிநாடி ஆனது.

தீவுகளிலிருந்து அந்தக் கணினியோடு பேசும் எல்லா முனையங்களுக்கும் ஒரே அலைவரிசை. யார் எப்போது பேசுவது என்று யாரும் முறை வைக்கவில்லை. அனுப்ப இருந்தால் அனுப்பு, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு, அவ்வளவுதான். இரண்டு முனையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டுமே கெடும். கெடுத்தது மோதலா, இரைச்சலா என்று அனுப்பியவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் இருவரும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் மறுபடியும் மோதுவார்கள். போனில் இருவரும் சேர்ந்தாற்போல் "சொல்லுங்க" என்று தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி சேர்ந்தே தொடங்குவோமே, அந்தக் கதைதான். அதனால் ஒவ்வொரு முனையமும் ஏதோ ஓர் அளவு நேரம், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல, காத்திருந்து அனுப்பும்படி வைத்தார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. கூட்டம் கூடினால் மறுபடி அனுப்பும் பாக்கெட்டுகளே புது நெரிசலாகிவிடும். ஆப்ராம்சன் கணக்குப் போட்டார்: அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். கேட்டதும் அநியாய வீணாகத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. முனையத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலான நேரம் யோசித்துக்கொண்டுதான் இருப்பார். அவருக்கென்று ஒரு தனித்தடத்தை ஒதுக்கி வைத்திருந்தால் வீண் இன்னும் அதிகம். 1972-இல் லாரி ராபர்ட்ஸ் நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்றார், பயன் இரட்டிப்பாயிற்று. 1973-இல் ராபர்ட் மெட்கால்ஃப் கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கியபோது அவருக்கு வழிகாட்டியதும் அலோஹாதான். வீட்டு வைஃபையும் இன்றுவரை இப்படித்தான் பதிலுக்குக் காத்து, குலுக்கல் முறையில் தள்ளிப்போட்டு, மறுபடி அனுப்புகிறது.

பின்னால் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. அலோஹாவில் சிதைந்த பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1985-இல் டேவிட் சேஸ் அதை எறியாமல் வைத்திருக்கச் சொன்னார். முதல் பிரதி தனியாகப் படிக்க முடியாதபடி வரலாம், இரண்டாவதும் அப்படியே வரலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிட்டுகள் தெளிந்துவிடும். இரண்டிலும் இரைச்சல் ஒரே மாதிரி விழுவதில்லை அல்லவா! 4ஜி போன்கள் இந்த உத்தியைக் கையாள்கின்றன. அங்கே மறுபிரதி வந்துசேர சுமார் 8 மில்லிவிநாடி போதும் என்பதால் குரலுக்கும் ஓரிரு வாய்ப்பு கிடைக்கிறது.

அதற்குள்ளும் தேறாத துண்டின் இடத்தில், முன்னால் வந்த ஒலியை வைத்து ஊகித்துப் போனே எதையோ நிரப்பிவிடுகிறது. அந்த ஊகம் எப்படி நடக்கிறது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்