தூரத்தில் கண்டவர்கள்

அன்னவாசல் வட்டாரத்தில் காலம் என்றுமே அவசரப்பட்டதில்லை. சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என்னும் குகையில், சமணத் துறவியரின் கற்படுக்கைகள் இன்றும் வழவழப்பாகக் கிடக்கின்றன. அங்கே வெட்டப்பட்ட தமிழி எழுத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது. அதே புதுக்கோட்டைச் சீமையின் ஆவூரில், மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்கள் வளர்த்த திருச்சபை பதினெட்டாம் நூற்றாண்டின் படையெடுப்புகளையும் பஞ்சங்களையும் தாண்டி வந்தது. பெரியநாயகி மாதா கோயிலில் அன்று முழந்தாளிட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்கள் நம்பிய வாக்கு மட்டும் நம் கைக்கு வந்திருக்கிறது.

ஒரு தலைமுறை நம்பிய வாக்கு வேறொரு தலைமுறையின் கைக்கு வருவது பழைய வழக்கம்தான். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, சிறையிருப்பையும் நோயையும் பொறுத்துக்கொண்டு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை வந்தபோது, 1719இல், 36 வயதில் மறைந்தார். எஞ்சியதை முடித்தவர் ஷுல்ட்சே. பின்னர் பப்ரிசியஸ் முழுவதையும் மீண்டும் பெயர்த்தார். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் வாக்குத்தத்த வசனங்களில் எத்தனையோ சங்கீதத்திலும் ஏசாயாவிலும் உள்ளவை. அந்தப் பக்கங்களை எட்டுமுன்பே சீகன்பால்குவின் எழுதுகோல் நின்றுவிட்டது. வாக்கை நம்பி உழைத்தவர் ஒருவர், அதைத் தம் மொழியில் வாசித்து ஆறுதல் பெற்றவர்கள் வேறு தலைமுறையினர். ஆபிரகாம் முதற்கொண்டே இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது என்கிறது எபிரெயருக்கு எழுதிய நிருபம்.

நாமோ ஆண்டுதோறும் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுக்கிறோம். அந்த வசனம் அடுத்த டிசம்பருக்குள் நிறைவேறிவிட வேண்டுமென்று மனம் தவிக்கிறது. வேலை கிடைக்காத மகனுக்காகவும் தள்ளிப்போகும் கல்யாணத்துக்காகவும் அட்டையைப் பற்றிக்கொள்ளும் தாயின் தவிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும், அட்டைகளில் மிகுதியாக அச்சாகும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்று தவணை சொல்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள் என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பும் நாளைக் கண்டிருக்க முடியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளே எருசலேமுக்கு நடந்தார்கள்.

இந்த ஆண்டு அட்டையில் பதினோராம் வசனம் வந்தால், வேதப்புத்தகத்தைத் திறந்து பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். வீட்டிலுள்ள சிறுபிள்ளைகளையும் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.