முள்ளந்தண்டில் கை வைப்பதற்கு முன் யார் பார்ப்பது?

சமூக ஊடகங்களில் கைரோபிராக்டிக் காணொளிகளுக்கு இன்று பஞ்சமில்லை. கழுத்தைச் சடாரெனத் திருப்புகிறார்கள். ‘படக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. படுத்திருந்தவர் எழுந்து, பல வருட நோ போய்விட்டது என்று கண்கலங்குகிறார். சாதாரண நாரிப்பிடிப்பு உள்ளவர்கள் மட்டும் இவற்றைப் பார்ப்பதில்லை. முள்ளந்தண்டு இடைத்தட்டு விலகியவர்களும், சத்திரசிகிச்சையில் தகடு பொருத்தப்பட்டவர்களும், உடலில் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்களும், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் பார்க்கிறார்கள். எனக்கும் இதைச் செய்யலாமா என்ற கேள்வி அவர்களுக்கு எழுவது இயல்பு. ஆனால், அந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் கேட்பது, ஏதாவது பிழைத்தால் யாரிடம் முறையிடுவது என்பது இலங்கையில் தெளிவில்லாமல் இருக்கிறது.

ஒழுங்குமுறைச் சட்டம் உள்ள நாடுகளிலேயே இந்தக் கேள்வி முழுமையாகத் தீரவில்லை. பிரித்தானியாவில் 2017 ஓகஸ்ட் மாதம், யோர்க் நகரைச் சேர்ந்த 80 வயது முதியவர் ஒருவர் கால் நோவுக்காக கைரோபிராக்டிக் சிகிச்சை நிலையமொன்றுக்குச் சென்றார். சிகிச்சையின்போது அவருடைய கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு முறிந்தது. கை கால்கள் செயலிழந்து, அடுத்த நாளே அவர் வைத்தியசாலையில் இறந்தார். அவருடைய முள்ளந்தண்டின் இணையங்கள் என்புபோல இறுகிப் போயிருந்தன என்பது பின்னர்தான் தெரியவந்தது. 2019இல் நடந்த மரண விசாரணையின் முடிவில், சிகிச்சைக்கு முன்னர் எக்ஸ்ரே போன்ற படங்களை எடுப்பதையும், சிகிச்சையாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளிப்பதையும் கவனத்தில் கொள்ளுமாறு துறையின் ஒழுங்குமுறைப் பேரவையிடம் மரண விசாரணை அதிகாரி வலியுறுத்தினார். சிகிச்சையாளர் மீது குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

இந்தச் சம்பவத்தை வைத்து கைரோபிராக்டிக் என்றாலே மரணம் என்று சொல்லிவிட முடியாது. நோயாளியின் முள்ளந்தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அதன்மீது விசையைப் பிரயோகிப்பதே இங்குள்ள ஆபத்து.

கோட்பாடும் ஆதாரமும்

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் நகரில் டானியல் டேவிட் பாமர் என்பவரால் தொடங்கப்பட்டது. முள்ளென்புகள் சற்று இடம் பிசகி நரம்புகளின் ஓட்டத்தைத் தடுப்பதே நோய்களுக்குக் காரணம் என்பது அவருடைய கோட்பாடு. முதல் நோயாளிக்குக் காது கேட்கச் செய்ததாக அவர் சொன்னதிலிருந்தே இந்தத் துறையின் கதை தொடங்குகிறது. இந்த ‘இடப்பிசகல்’ கோட்பாடு நோய்களை உண்டாக்குகிறது என்று உரிமை கோருவதற்கு மருத்துவ ஆய்வு ஆதாரம் இல்லை என்று பிரித்தானியாவின் கைரோபிராக்டிக் பேரவையே 2010இல் அறிவித்தது. காணொளிகளில் கேட்கும் அந்தச் சத்தமும் என்பு தன் இடத்துக்குத் திரும்பும் சத்தம் அல்ல. மூட்டு சட்டென விரியும்போது அதிலுள்ள திரவத்தில் வாயு இடைவெளி உருவாவதால் வருவது அது. சத்தம் வந்ததால் நோய் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதேவேளை, இந்தத் துறையை முழுமையாகப் போலி என்று ஒதுக்குவதும் நேர்மையாகாது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோ பற்றி வெளியிட்ட வழிகாட்டலில், உடற்பயிற்சி, நோயாளிக்கான விளக்கக் கல்வி, உளவியல் சிகிச்சை ஆகியவற்றோடு முள்ளந்தண்டைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. நாரிப்பட்டிகளையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. 2020இல் உலகில் சுமார் 61 கோடி 90 இலட்சம் பேர் நாரி நோவோடு வாழ்ந்தனர் என்ற கணக்கைப் பார்த்தால், இதன் தேவை எவ்வளவு பெரியது என்பது புரியும்.

ஆனால் அந்த வழிகாட்டல் பேசுவது குறிப்பிட்ட நோயோ கட்டமைப்புச் சிதைவோ காரணமாகக் கண்டறியப்படாத நாட்பட்ட நாரி நோவைப் பற்றி மட்டுமே. முறிவு, கட்டி, தொற்று, நரம்பு நசிவு போன்ற காரணங்களால் வரும் நோ அதற்குள் அடங்காது. ‘உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட சிகிச்சை’ என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த வரம்பைச் சொல்வதில்லை.

யாருக்குச் செய்யக்கூடாது?

உலக சுகாதார நிறுவனம் 2005இல் கைரோபிராக்டிக் பயிற்சி, பாதுகாப்பு பற்றி வெளியிட்ட வழிகாட்டலில், விசையோடு முள்ளந்தண்டை அசைக்கக்கூடாத நிலைமைகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. புதிய முறிவு, முள்ளென்பு விலகல், முள்ளந்தண்டிலோ வடத்திலோ கட்டி, முள்ளந்தண்டுக் காசநோய் உள்ளிட்ட தொற்றுகள், நரம்புப் பாதிப்பு அதிகரித்துவரும் இடைத்தட்டுப் பிதுக்கம், முள்ளந்தண்டின் உறுதியின்மை, பிறவியிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறித் தளர்ந்திருத்தல், உள்ளே பொருத்தப்பட்ட உலோகத் தகடுகள் ஆகியவை அவற்றுட் சில. முள்ளந்தண்டில் தெரிந்த நோயோடு வாழ்பவர்களில் பலர் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். அதிக நோவோடு, அதிக நம்பிக்கையோடு இந்தச் சிகிச்சையைத் தேடிச் செல்பவர்களும் அவர்கள்தான்.

கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்குப் பின்னர் கழுத்து நாடியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட சம்பவங்களும் பதிவாகியுள்ளன. இவை அரிதானவை. சிகிச்சைதான் காரணமா, அல்லது ஏற்கெனவே நாடி கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்து நோவுக்காகவே அவர்கள் சிகிச்சைக்குச் சென்றார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ தரவுகளைக் கொண்டு 2008இல் வெளியான ஆய்வு, குடும்ப வைத்தியரிடம் சென்றவர்களிடமும் இதே தொடர்பைக் கண்டது. எப்படிப் பார்த்தாலும், திடீரெனத் தொடங்கிய, முன்னர் உணர்ந்திராத கழுத்து நோவோடு வருபவரின் கழுத்தைத் திருப்பக்கூடாது என்ற முடிவே கிடைக்கிறது.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. வடத்தில் அறுந்த நரம்புகளை முள்ளென்பை அசைப்பதன்மூலம் மீண்டும் இணைக்க முடியாது. நடக்க வைப்பதாக யாராவது வாக்குறுதி அளித்தால் அது பொய்யான வாக்குறுதி. பாதிப்புக்குக் கீழே உள்ள என்புகள் காலப்போக்கில் நலிந்து, சிறு விசையிலும் முறியக்கூடும். உணர்ச்சி இல்லாததால் முறிந்தது அவருக்கே தெரியாமல் போகலாம். நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளென்பிலோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு, கீழே ஏற்படும் காயமோ நோவோ இரத்த அழுத்தத்தை உயிராபத்தான அளவுக்கு உயர்த்திவிடலாம்.

எங்கள் நிலை

வடக்கு கிழக்கில் இது போர் விட்டுச்சென்ற பிரச்சினையும்கூட. ஷெல் வீச்சிலும் துப்பாக்கிச் சூட்டிலும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் இப்போது நடுவயதில் இருக்கிறார்கள். நாள் முழுவதும் சக்கர நாற்காலியைக் கையால் தள்ளியதால் தோள் நோவும் கழுத்து நோவும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்திருக்கின்றன. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் கிளினிக்குக்குப் போய்வர வாகனம் பிடிக்க வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும். அதன்பின் வைத்தியரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் ஏனைய சுகாதாரப் பணியாளர்களும் நாட்டைவிட்டு வெளியேறியது இந்த நிலையை மோசமாக்கியது. இவர்கள் வேறு இடம் தேடுவதை அறியாமை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. நோவைக் காதுகொடுத்துக் கேட்டு, உடலைத் தொட்டுப் பார்க்கும் ஒருவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். பரம்பரை முறிவு நெரிவு வைத்தியத்துக்குப் பழகிய சமூகத்துக்கு, கையால் செய்யப்படும் சிகிச்சை அந்நியமானதும் அல்ல.

இதற்குப் புலம்பெயர்ந்த உறவுகளின் பரிந்துரையும் சேர்கிறது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவர் தனக்குச் சுகமானது என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒன்ராறியோவில் 1991ஆம் ஆண்டின் சட்டமும், பிரித்தானியாவில் 1994ஆம் ஆண்டின் சட்டமும் பதிவில்லாத ஒருவர் இந்தப் பெயரைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. முறைப்பாடு செய்ய ஓர் அமைப்பும் இருக்கிறது. மலேசியாகூட 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய மற்றும் நிரப்பு மருத்துவச் சட்டத்துக்குள் இந்தத் துறையைக் கொண்டுவந்திருக்கிறது.

இலங்கையில் வைத்தியர்களும் இயன்மருத்துவர்களும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்ய வேண்டும். ஆயுர்வேதத்துக்கு 1961ஆம் ஆண்டின் சட்டமும், ஹோமியோபதிக்கு 2016ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. கைரோபிராக்டிக் துறைக்கென அப்படியொரு சட்டமோ பேரவையோ இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2005 வழிகாட்டல் கேட்பது நான்கு வருட முழுநேரப் படிப்பையும் 4,200 மணித்தியாலங்களுக்குக் குறையாத கற்கையையும். வெளிநாட்டில் அப்படிப் படித்துவிட்டு வந்தவரும், சில வாரப் பயிற்சியோடு பெயர்ப்பலகை மாட்டியவரும் நோயாளியின் கண்ணுக்கு ஒரேமாதிரித்தான் தெரிவார்கள்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கான 2006ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. முள்ளந்தண்டைக் கையாளும் நிலையங்களையும் அதன்கீழ் கொண்டுவந்து, சிகிச்சையாளரின் தகைமையைச் சுவரில் காட்சிப்படுத்துவதைக் கட்டாயமாக்கலாம். அரச வைத்தியசாலைகள் முள்ளந்தண்டு நோயாளிகளுக்கு, அவர்களின் நோய் என்ன, உடலில் என்ன பொருத்தப்பட்டுள்ளது, எந்தச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும் என்று தமிழிலோ சிங்களத்திலோ எழுதிய ஓர் அட்டையைக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. ஆங்கிலத்தில் கிறுக்கப்பட்ட கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டு தன் முள்ளந்தண்டின் நிலையை எந்த நோயாளியாலும் இன்னொருவருக்கு விளக்க முடியாது.

அதுவரை நோயாளிகள் தாங்களே சில விடயங்களில் உறுதியாக இருக்க வேண்டும். எக்ஸ்ரே, ஸ்கான் அறிக்கைகளைப் பார்க்காமலும் பழைய நோய்களை விசாரிக்காமலும் கை வைப்பவரிடம் படுக்கக்கூடாது. எங்கு படித்தீர்கள், எங்கு பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. கால்களின் பலம் குறைந்துவந்தாலோ, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழந்தாலோ, எந்த மசாஜுக்கும் முறிவு நெரிவு வைத்தியருக்கும் காத்திராமல் உடனே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அது நரம்புக் கற்றை நசிவதன் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்கும் மணித்தியாலங்கள் நிரந்தர இழப்பாக மாறக்கூடும்.

யோர்க் மரணத்தின்போது விசாரிக்க ஓர் அதிகாரி இருந்தார். அவருடைய பரிந்துரையைப் பெற்றுக்கொள்ள ஒரு பேரவையும் இருந்தது. அதே விபத்து நாளை வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ நடந்தால், மரண விசாரணை அதிகாரி பரிந்துரை எழுதினாலும் அதை எந்தப் பேரவைக்கு அனுப்புவது? சுகாதார அமைச்சு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.