உலாவியைத் தேர்வு செய்வது யார்?

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் கள்ளக்குறிச்சியின் கணினி மையங்களில் கூட்டம் நிரம்பி வழியும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களில் கைப்பேசி சமிக்ஞை நம்பத்தக்கதாக இல்லாததால், பழங்குடி மாணவர்கள் விண்ணப்பிக்கப் பேருந்தேறி இங்கு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு மாணவிக்கு உதவச் சென்றிருந்தேன். அவருடைய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ததும், "சேமிக்கட்டுமா?" என்று உலாவி கேட்டது. மையத்து இளைஞர் பழக்கத்தில் "ஆம்" என்று அழுத்தினார். சேமிப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். முன்னர் வந்துபோன பல மாணவர்களின் பயனர் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. யார் வேண்டுமானாலும் அவர்களுடைய விண்ணப்பத்தைத் திறக்கலாம். விருப்பப் பாடத்தையும் மாற்றலாம்.

அவற்றை நீக்கியபின் அந்த மாணவியிடம், "வீட்டில் எந்த உலாவியைப் பயன்படுத்துகிறாய்?" என்று கேட்டேன். "ஃபோன்ல வந்ததுதான் சார்" என்றார். நம்மில் பெரும்பாலோரின் விடையும் இதுவே.

பொருளியல் மாணவனுக்கு இந்த விடை புதிதன்று. எங்கள் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. எந்த ஊர்க் கரும்பு எந்த ஆலைக்கு என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. அந்த வரையறை அரசாணையில் வெளிப்படையாக இருக்கிறது. உலாவிச் சந்தையிலும் எல்லை உண்டு. அது கைப்பேசியின் முகப்பில் ஓசையின்றி வரையப்படுகிறது.

அந்த எல்லையின் விலையை நீதிமன்றங்கள் வெளிக்கொணர்ந்துள்ளன. விண்டோஸுடன் தன் உலாவியைப் பிணைத்ததற்காக மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு 1998இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தைப் பிரிக்க வேண்டும் என்ற 2000ஆம் ஆண்டு உத்தரவு, மறு ஆண்டே மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. தேடுபொறிச் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணியதாக 2024 ஆகஸ்டில் மற்றொரு தீர்ப்பு வந்தது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தானே முதல் தேர்வாக இருப்பதற்கு அந்நிறுவனம் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அவ்வழக்கில் தெரியவந்தது. ஆயினும் குரோமை விற்க வேண்டும் என்ற கோரிக்கையை 2025இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தியப் போட்டி ஆணையமும் ஆண்ட்ராய்டு தொடர்பாக 2022இல் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது.

மனிதர்கள் கிடைத்ததை மாற்ற மாட்டார்கள் என்ற கணிப்புக்கே இத்தனை கோடி. அந்தக் கணிப்பைப் பொய்யாக்கும் ஆற்றல் தீர்ப்புகளைவிடப் பயனரிடமே அதிகம்.

அப்படியானால் எதைத் தேர்வது? கடையில் பல பெயர்கள் இருந்தாலும் சரக்கு ஏறத்தாழ ஒன்றே என்பதை முதலில் அறிய வேண்டும். எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் உலாவி ஆகிய அனைத்தும் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியத்தின் மீது கட்டப்பட்டவை. சென்னையைச் சேர்ந்த ஸோஹோ 2023இல் வெளியிட்டு, மத்திய அரசின் உலாவிப் போட்டியில் 2025இல் முதலிடம் பெற்ற 'உலா'வும் அப்படியே. ஃபயர்ஃபாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும் வேறு அடித்தளம் கொண்டவை. அவற்றுள் ஃபயர்ஃபாக்ஸின் வருவாயில் பெரும்பகுதி கூகுளின் தேடல் ஒப்பந்தத்திலிருந்தே வருகிறது என்பது இச்சந்தையின் முரண்.

அடித்தளம் ஒன்றானாலும் நடத்தை ஒன்றல்ல. குரோமில் ஏறக்குறைய எல்லாத் தளங்களும் இயங்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் விரைந்து வரும். ஆனால், அதன் உரிமையாளருக்கு விளம்பரமே முதன்மை வருவாய். பிறதளக் 'குக்கி'களைக் கைவிடுவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024இல் அம்முடிவிலிருந்து பின்வாங்கியது. ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ், உலா ஆகியவை நம்மைப் பின்தொடரும் நிரல்கள் பலவற்றை இயல்பிலேயே தடுக்கின்றன. தேவையற்ற விளம்பரங்கள் இறங்காதபோது தரவுச் செலவும் குறையும். வலுவற்ற சமிக்ஞையை நம்பியிருக்கும் மலைவாசிக்கு இது சிறிய ஆதாயமன்று. பக்கங்களைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பும் ஓபரா மினி செய்தி வாசிக்க உகந்தது. அத்தகைய சுருக்க வழியில் வங்கிக் கணக்கைத் திறப்பது உகந்ததன்று.

ஆகவே, ஒன்றையே நம்பாமல் இரண்டு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. அரசுச் சேவைக்கும் வங்கிக்கும் அன்றாடம் புதுப்பிக்கப்படும் ஓர் உலாவி. பொது வாசிப்புக்குப் பின்தொடர்தலைத் தடுக்கும் மற்றொன்று. பொதுக் கணினியில் மறைநிலைச் சாளரத்தையே திறக்க வேண்டும். அது இணையத்திலிருந்து நம்மை மறைக்காது. ஆனால், சாளரத்தை மூடியதும் நம் தடத்தை அந்தக் கணினியில் விட்டுவைக்காது.

தனிமனிதர் விழிப்பு மட்டும் போதாது. இ-சேவை மையங்களிலும் தனியார் கணினி மையங்களிலும் கடவுச்சொல் சேமிப்பை முடக்கிவைப்பதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்கலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அரசுத் தளங்கள் எல்லா உலாவிகளிலும் ஒன்றுபோல் இயங்குவதை உறுதிசெய்யலாம். பள்ளிக் கணினி வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம்.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, அரசு அலுவலகம் மக்களுக்கு அருகில் வரும் என்று மகிழ்ந்தோம். இன்று அந்த அலுவலகத்தின் வாசல் உலாவிக்குள் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் மாணவி அந்த வாசலில் தன் சாவியை மறந்துவிட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.