பரணில் ஒரு பாட்டில்



ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை ரேணிகுண்டாவில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்னதாக ஒரு மாந்தோப்பு. வேலிக்கு நட்ட சவுக்குக் கம்பு ஒன்றை லேசாக அசைத்தேன், கையோடு வந்துவிட்டது. மேல்பகுதி கெட்டியாகத்தான் இருந்தது. மண்ணுக்குள் புதைந்த நுனியும் பரவாயில்லை. தரைமட்டத்தில் மட்டும் அரைச் சாண் அளவுக்குச் செல்லரித்து, பொடியாக உதிர்ந்தது. ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அது. பூஞ்சைக்கும் கரையானுக்கும் பந்தி அங்கேதான்.

"எதிரே சேஷாசலம் மலை. அந்தச் செம்மரத்துல நாலு கம்பு நட்டா கரையான் தொடாது, போலீஸ்தான் தொடும்" என்று சிரித்தார்.

பிறகு அந்தக் கம்புகளுக்குப் பூசிய மருந்தைப் பரணிலிருந்து எடுத்து வந்தார். குளிர்பான பாட்டில்! டப்பாவில் மீந்ததை ஊற்றி வைத்தாராம். லேபிளில் ஆரஞ்சுப் பழம் பளபளக்கிறது, உள்ளே பழுப்புத் திரவம். அந்த வீட்டில் நாலு வயதுப் பேரன் ஓடியாடுகிறான். கரையானை மறந்துவிட்டேன்.

மரம் காக்கும் மருந்து எதுவானாலும் விஷம்தான். விஷமாக இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளில் வெயில் ஏறினால் ஒரு வாசனை வருமே, அது நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட். 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோன்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து ஒரு கலவை கண்டுபிடித்தார். செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்செனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்துக்குள் பிடித்து வைக்கும். உலகமெங்கும் கம்பங்களுக்கு அதை ஏற்றினார்கள். ஆர்செனிக் பயத்தில், 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு வேலிகளுக்கு அதை நிறுத்திக்கொண்டார்கள். நம் ஊர்க்காரர் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படலாம். அது ஏறிய கட்டையை மட்டும் வெந்நீர் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். பழைய ஸ்லீப்பர் கட்டையும் அடுப்புக்கு ஆகாது.

பூசுவதிலும் சித்தப்பா அவசரக்காரர். பச்சைக் கம்பில் பூசியதுதான் முதல் தப்பு. நன்றாகக் காய்ந்த மரம்தான் மருந்தைக் குடிக்கும். நடுவதற்கு முன்பே, தரைமட்டம் வரப்போகிற இடத்துக்கும் வெட்டிய நுனிகளுக்கும் இரண்டு மூன்று தடவை கொடுக்க வேண்டும். கையுறை அவசியம். கிணற்றோரமும் கீரைப் பாத்தியும் கூடாது. பூச்சு காயும்வரை ஆடு மாடு அந்தப் பக்கம் வரக் கூடாது. மெக்கானிக் கடைக் கழிவு ஆயிலைப் பூசுகிறவர்களும் உண்டு. மண்ணைக் கெடுப்பதுதான் மிச்சம்.

மீந்த மருந்து, வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். மூடியை இறுக்கி, வெயிலும் நெருப்பும் அண்டாத இடத்தில், பூட்டுக்குள் வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை அதற்கு ஏற்ற இடமல்ல. வேண்டிய அளவு மட்டும் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

இதழைக் கீழே வைத்ததும் உங்கள் வீட்டுப் பரணை ஒரு தடவை பாருங்கள். குளிர்பான பாட்டிலில் குளிர்பானம் அல்லாத எது இருந்தாலும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் அதை எடுத்துப் பூட்டி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்